ஸ்கேட்டிங் ரேஸ் டீம் திரும்ப கட்டணும், ஆனா புதுசா வர்ற பசங்க மூணாவது வாரமே நின்னுடறாங்க

சக்கரக்காலன்

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தெக்கத்திப் பக்கம் சின்ன ஊரு எனக்கு, பேரு வேண்டாம். பார்க்குக்குள்ள ஒரு சிமெண்ட் ரிங்க் இருக்கு, எட்டு வயசுல அங்கதான் குவாட் (நாலு சக்கர ஸ்கேட்) கட்டினேன், பத்தாவது வரைக்கும் ஓட்டினேன், ஸ்டேட் மீட்ல ஒரு தடவ நாலாவது வந்தேன், அதான் நம்ம உச்சம். அப்பல்லாம் காலைல அஞ்சரைக்குப் போனா நாப்பது பசங்க இருப்போம், லேட்டா வந்தா ஷூ மாட்ட பெஞ்சுல இடம் கிடைக்காது, தரைல உக்காந்துதான் லேஸ் கட்டணும். அப்புறம் நான் வேலைக்கு வெளியூர் போயிட்டேன், கொரோனால ரிங்க் ரெண்டு வருஷம் பூட்டியே கிடந்துச்சு, மாஸ்டர் கோயம்புத்தூர் பக்கம் போய் செட்டில் ஆயிட்டாரு, திரும்பி வந்து பாத்தா ரிங்க் நடுவுல யாரோ பந்தல் சாமான் அடுக்கி வச்சிருக்காங்க.

2025 செப்டம்பர்ல சீனாவுல பெய்டாய்ஹே ஊர்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர்ல தங்கம் அடிச்சாருல்ல, 1:24.924, இந்தியாவுக்கு சீனியர்ல முதல் உலகப் பட்டம். அன்னிக்கு எங்க பழைய குரூப்ல ஒரே கூத்து, "நம்ம ரிங்க தொறக்கலாம்டா"ன்னு பத்து பேர் சொன்னானுங்க, சாவி வாங்கப் போனது நான் ஒருத்தன்தான். அது வேற கதை.

சாவி கிடைச்சுது. ரெண்டு ஸ்கூல்ல பிரேயர்ல பேச விட்டாங்க, ஆனந்த்குமார் வீடியோவ போன்ல காட்டினேன், முதல் ஞாயித்துக்கிழமை 23 பசங்க வந்துட்டாங்க. எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. அடுத்த வாரம் 14. மூணாவது வாரம் 8. இப்ப ஆறு பேரு, அதுல ரெண்டு பேரு என் அக்கா பிள்ளைங்க. மூணாவது வாரம் ஒரு பையன் கையை ஊனி விழுந்து மணிக்கட்டுல கீறல் விட்டிருச்சு, அவங்க அப்பா என்னை ரோட்டுல வச்சுத் திட்டினாரு, தப்பு என்மேலதான், ஹெல்மெட் முட்டிக்கவசம் வரைக்கும் போட்டேன், மணிக்கட்டுக்கு ஒண்ணும் போடல.

என்ன கேக்கணும்னா, புதுசா வர்ற பிள்ளைங்கள எப்படிப் பிடிச்சு வைக்கிறது, குவாட்ல ஆரம்பிக்கிறதா நேரா இன்லைனா (சக்கரமெல்லாம் ஒரே வரிசைல இருக்கிற ஸ்கேட்), முதல் மாசம் என்னதான் சொல்லிக் குடுக்குறது? எங்க மாஸ்டர் எங்கள முதல் நாளே கயித்தப் பிடிச்சு ரவுண்டு இழுத்துட்டுப் போனாரு, நானும் அதையேதான் செஞ்சேன். ரேஸ் டீம்தான் என் ஆசை, அடுத்த வருஷம் டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்கு பத்துப் பேராச்சும் போகணும். இது நடக்குமா இல்ல நான் கனவு காணறேனா?

கோச்சக்கா

தம்பி, முதல்ல அந்தப் பையன் வீட்டுக்குப் போயி பாத்தியா? போகலன்னா இன்னிக்கு சாயங்காலம் போ. திட்டுவாங்க, வாங்கிக்க. இதையெல்லாம் ஊரே பாத்துட்டு இருக்கும்.

நான் பதினாறு வருஷமா மதுரைல சொல்லித் தர்றேன், என் கிளாஸ்லயும் ஆரம்பத்துல பாதிக்கு மேல நின்னுட்டுதான் இருந்தாங்க, அதனால உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா கயித்தக் கட்டி இழுக்கறது இருக்கே, அது மாஸ்டருக்கு சுகம், பிள்ளைக்கு சித்ரவதை. கயித்தப் பிடிச்ச பிள்ளை பின்னாடி சாஞ்சு நிக்கும், உடம்பு வெயிட்டு குதிகால்ல போயிரும், கயிறு விட்ட அடுத்த செகண்டு மல்லாக்க விழும். அப்புறம் அந்தப் பின்னாடி சாயற பழக்கத்த மாத்த மூணு மாசம் ஆகும்.

என்கிட்ட முதல் நாள் யாரும் ரிங்க்ல கால் வைக்கிறதே இல்ல. புல்லு, இல்லன்னா பழைய ஜமுக்காளம். ஷூ போடாம வெறுங்கால்ல அரை நாற்காலி மாதிரி உக்காரச் சொல்லுவேன், முட்டி மடங்கணும், கை ரெண்டும் முன்னாடி. எப்படி சரியா இருக்குன்னு பாக்கறதுன்னா பக்கவாட்டுல நின்னு பாரு, மூக்கு, முட்டி, கால் கட்டைவிரல் மூணும் ஒரே நூல்ல வரணும். அப்புறம் விழறது. ஆமா, விழறதத்தான் முதல்ல சொல்லித் தரணும். இன்னும் கொஞ்சம் குனி, பக்கவாட்டு இடுப்புல சாய், இல்லன்னா முட்டிக்கவசத்துல இறங்கு, கை விரல மேல தூக்கி உள்ளங்கையை வழுக்க விடு. மணிக்கட்டு கார்டுல, அதான் கவசத்துல, அந்த பிளாஸ்டிக் பட்டை இருக்கறதே வழுக்கிட்டுப் போறதுக்குத்தான், கார்டு இல்லாத பிள்ளைய நான் ஏத்தறதே இல்ல. ஒரு கிளாஸ் முழுக்க பத்து பதினஞ்சு தடவ விழுந்து எழுந்திருச்சா அதுங்களுக்கு ஒரே சிரிப்பு, பயம் அங்கயே போயிரும். விழாம இருக்கணும்னு நினைக்கிற பிள்ளைக்கு உடம்பு விறைச்சுக்கும், விறைச்ச உடம்புதான் ஒடியும்.

எழுந்திரிக்கறதும் ஒரு பாடம். ஒரு முட்டி தரைல, இன்னொரு கால் சக்கரத்த பக்கவாட்டுல ஊனி, கை ரெண்டையும் அந்த முட்டி மேல வச்சு எழும்பணும். பக்கத்துல நிக்கிறவன் சட்டையைப் பிடிச்சு எழும்பினா ரெண்டு பேரும் போவாங்க.

ரெண்டாவது வாரம் ஷூ போட்டு புல்லுலயே வாத்து நடை. குதிகால் ரெண்டும் ஒட்டி, நுனி ரெண்டும் விரிஞ்சு, வி மாதிரி. அதுக்கப்புறம்தான் சிமெண்ட். அங்கயும் நாலடி நடந்து நிறுத்திட்டு உருள விடு, அவ்வளவுதான். உருளும்போது எல்லாப் பிள்ளையும் காலையேதான் பாக்கும், தல எங்க போகுதோ உடம்பு அங்க போகும், கவுந்துரும். நான் எதிர்ல பின்னாடியே நடந்துகிட்டு விரலக் காட்டுவேன், "எத்தன?"ன்னு கேப்பேன், மூணு, அஞ்சு, ரெண்டுன்னு கத்திகிட்டே வரும், தன்னால நிமிந்து பாக்கும். இத யாரும் எனக்கு சொல்லித் தரல, ஒரு நாள் ஒரு வாண்டு "அக்கா உங்க கைல எத்தன வளையல்"னு கேட்டுச்சு, அன்னிக்குக் கத்துக்கிட்டேன்.

நிறுத்தத் தெரியாம வேகம் குடுக்காத. ஏ மாதிரி கால விரிச்சு உள்பக்கம் அமுக்கி நிக்கிறது முதல்ல, அப்புறம் ஒரு கால பின்னாடி குறுக்க இழுக்கற டி ஸ்டாப். குதிகால் பிரேக் ரப்பர் இருந்தா கழட்டாத, ரேஸ்காரங்க கிட்ட இல்லன்னு பாத்துட்டு பசங்க முதல் வேலையா அதத்தான் கழட்டுவானுங்க.

இதெல்லாம் முடியவே ஆறு வாரம். கிராஸ் போடறது, வளைவுல கால மாத்தி வைக்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம். நீ மூணாவது வாரமே ரவுண்டு அடிக்க விட்டிருப்ப, அதான் எட்டாச்சு.

சக்கரக்காலன்

அக்கா கும்புடுறேன். மூணாவது வாரம் இல்ல, ரெண்டாவது வாரமே விட்டுட்டேன். பையன் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், அப்பா கதவத் தொறக்கல, அம்மா காபி குடுத்தாங்க. பையன் கைல கட்டோட வந்து "அண்ணே கட்டு பிரிச்சதும் வரட்டா"ன்னு கேக்கறான், உள்ள இருந்து ஒரு செருமல் சத்தம், ரெண்டு பேரும் கப்சிப்.

ஷூ விஷயம் சொல்லுங்க யாராவது. கடைல கேட்டா அளவு கூட்டிக் குறைக்கிற இன்லைன் ரெண்டாயிரத்து சொச்சம் சொல்றான், ரேஸ் ஷூ செட்டுன்னா இருபதாயிரத்துக்கு மேலதான் ஆரம்பமே. குவாட் பாக்கவே கிடைக்கல.

பழைய குவாட்

கிடைக்கும் தம்பி, தேடணும். நான் நாலு சக்கரக் கட்சி, 62 வயசு, இன்னும் ஏறுவேன்.

குவாட்ல ரெண்டு முன்னாடி ரெண்டு பின்னாடி, நாற்காலிக்கு நாலு கால் மாதிரி. சும்மா நிக்கிற பயம் சீக்கிரம் போயிரும், கணுக்கால் உள்பக்கம் மடியாது. இன்லைன்ல எல்லா சக்கரமும் ஒரே வரிசை, மெலிசான பிள்ளைக்கு கணுக்கால் ரெண்டும் உள்ள சாஞ்சு எக்ஸ் மாதிரி நிக்கும், பாக்கவே பாவமா இருக்கும். நம்ம நேஷனல்ஸ்ல குவாடுக்குன்னு தனிப் பிரிவு இன்னும் இருக்கு, அதுல மெடல் அடிச்சவங்களும் சாம்பியன்தான். குவாட் பழகினவனுக்கு ஹாக்கி, ஆர்ட்டிஸ்டிக் (சக்கரத்துல ஆடற நடனம் மாதிரி) எல்லா வாசலும் தொறக்கும். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல அனூப் குமார் யாமா ரெண்டு வெண்கலம் வாங்கினாரே, தனியா ஒண்ணு, அவனி பஞ்சாலோட ஜோடியா ஒண்ணு, ரெண்டும் ஆர்ட்டிஸ்டிக்ல வந்ததுதான். ரேஸ் ரேஸ்னு சொல்லி எல்லாரும் அத மறந்துட்டோம்.

அதனால குவாட்ல ஆரம்பி.

மூணாவது_லேப்

அண்ணே மரியாதையா சொல்றேன், இந்த விஷயத்துல உங்களோட ஒத்துப் போக மாட்டேன். உலகத்துல ஸ்பீடு ரேஸ்னா இன்லைன் மட்டும்தான், ஆசிய விளையாட்டுல வச்சதும் அதான். குவாட்ல ஆரம்பிச்சு நல்லா ஓட்டற பிள்ளைய ரெண்டு வருஷம் கழிச்சு "இன்லைனுக்கு மாறு"ன்னு சொன்னா வீட்டுல ரெண்டாவது தடவ காசு போடணும், பாதி பேரு அங்கதான் நிக்கிறாங்க, எங்க பேட்ச்லயே நடந்துச்சு. டெக்னிக்கும் வேற, குவாட்ல வளைவுல சாஞ்சா ட்ரக் (சக்கரம் மாட்டின அச்சு) திரும்பும், இன்லைன்ல சக்கரத்தோட ஓரத்துல ஏறி நிக்கணும், உள் ஓரம் வெளி ஓரம்னு.

கணுக்கால் மடியறதுக்கு ஷூதான் காரணம், சக்கரம் இல்ல. பெரிய சைஸ் வாங்கி "வளர்ந்தா சரியாயிரும்"னு ரெண்டு சாக்ஸ் போடறாங்க பாருங்க, அங்க மடியுது. ஒரு சாக்ஸ், மெலிசா, கணுக்காலுக்கு மேல வரணும். லேஸ் நுனில லூசா விடு, நடுவுல குதிகால் பின்னாடி போயி உக்காந்த பிறகு டைட் பண்ணு, கணுக்கால்ல நல்லா இறுக்கு. பசங்க தலகீழா செய்வானுங்க, நுனில இறுக்கி விரல் மரத்துப் போச்சுன்னு அழுவானுங்க, மேல தொளதொளன்னு இருக்கும்.

இன்னொண்ணு, ஆரம்பத்துலயே 110 மில்லிமீட்டர் சக்கரம் கேப்பானுங்க ஆனந்த்குமார் போட்டிருக்காருன்னு. சக்கரம் பெருசாச்சுன்னா நிக்கிற உயரமும் ஏறும், கால் குட்டையா இருக்கிற பிள்ளைக்கு அது ஏணி மேல நின்னு ஓடற மாதிரி. சின்ன சக்கரத்துல வேகம் வரலன்னு அழற அளவுக்கு வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம். அளவு கூட்டிக் குறைக்கிற ஷூவுக்குன்னே நிறைய டிஸ்ட்ரிக்ட் மீட்ல தனி ரேஸ் வைக்கிறாங்க, அதனால முதல் வருஷம் அதுவே போதும்.

பழைய குவாட்

லேஸ் விஷயம் நூத்துக்கு நூறு சரி. மத்தது விவாதத்துக்குரியது.

யாழினி அம்மா

நான் ஸ்கேட்டர் இல்ல, ஸ்கேட்டர் அம்மா. இப்ப அதுவும் இல்ல, பொண்ணு நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு. ஏன் நிறுத்தினோம்னு சொல்றேன், உங்களுக்கு உதவலாம்.

ஆறு வயசுல சேத்தோம். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் கிளாஸ்ல "சாதனை நிகழ்ச்சி"ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நூறு பிள்ளைங்க மணிக்கணக்கா தொடர்ந்து ஓட்டணும், ஏதோ ஒரு ரெக்கார்டு புக்குல பேரு வரும், சர்ட்டிஃபிகேட்டு மெடல் டீஷர்ட் எல்லாம் சேத்து பணம் கட்டணும். வெயில்ல ஓட்டினா, கால்ல கொப்பளம், ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போகல. சர்ட்டிஃபிகேட்டு வந்துச்சு, லேமினேட் பண்ணி மாட்டினோம், அதுக்கு எங்கயும் ஒரு மதிப்பும் இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு அடுத்த மாசம் இன்னொரு சாதனை. கண்ணக் கட்டிக்கிட்டு. நான் முடியாதுன்னுட்டேன், அப்புறம் என் பொண்ண கடைசி வரிசைல நிறுத்த ஆரம்பிச்சாங்க. எந்த கிளாஸ்னு கேக்காதீங்க.

ரெண்டாவது, பாத்ரூம். உங்க பார்க்குல பொம்பளப் பிள்ளைங்க டிரஸ் மாத்த இடம் இருக்கா? பதினொண்ணு பன்னெண்டு வயசு வந்ததும் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா நின்னாங்க, படிப்புன்னு சொல்லிட்டுதான் நின்னாங்க, எல்லாருக்கும் காரணம் தெரியும், யாரும் வாயத் தொறக்கல. ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ரிலேல வெண்கலம் வாங்கின நாலு பொண்ணுங்கள்ல கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ்னு ரெண்டு பேரு நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க, என் பொண்ணு அந்தப் படத்த பேப்பர்ல வெட்டி அலமாரில ஒட்டி வச்சிருந்தா. இன்னும் கிழிக்கல.

நீங்க ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட பேசினீங்க. அம்மாக்கள்கிட்ட பேசுங்க. காலைல அஞ்சரைக்கு எழுப்பி டப்பா கட்டி வண்டில கொண்டுவந்து விடறது நாங்கதான்.

சக்கரக்காலன்

அக்கா இது எனக்கு தோணவே இல்ல. பார்க்குல பாத்ரூம் இருக்கு, தாழ்ப்பாள் இல்ல, தண்ணி வரல. நாளைக்கே தாழ்ப்பாள் வாங்கிப் போட்டுடறேன், அது அறுபது எழுவது ரூபா விஷயம், இத்தன வருஷம் நாங்க யாரும் போடல பாருங்க.

எதார்த்தவாதி

தப்பா நினைக்காதீங்க. ஒலிம்பிக்ஸ்லயே இல்லாத விளையாட்டு. அந்த நேரத்துல பிள்ளைங்கள அத்லெடிக்ஸ்ல விட்டா ஒரு ஷூவோட முடிஞ்சுது. எதுக்கு இந்த செலவு?

மூணாவது_லேப்

ஒலிம்பிக்ஸ்ல இல்ல, உண்மை. 2018ல பியூனஸ் அயர்ஸ் யூத் ஒலிம்பிக்ஸ்ல வச்சாங்க, அதோட சரி, பலகை ஸ்கேட்போர்டு டோக்கியோல உள்ள போயிருச்சு, நாங்க வெளில நின்னு பாத்துகிட்டு இருக்கோம், வயித்தெரிச்சல்தான். ஆனா ஆசிய விளையாட்டுல வச்சாங்க, ஹாங்சோல ஆண்கள் ரிலே பெண்கள் ரிலே ரெண்டுலயும் வெண்கலம் வந்துச்சு, வேர்ல்ட் கேம்ஸ் (ஒலிம்பிக்ஸ்ல இல்லாத விளையாட்டுகளுக்கான உலகப் போட்டி) இருக்கு, 2025 செங்டுல ஆனந்த்குமார் 1000 மீட்டர்ல வெண்கலம். அந்த ஆளு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சுகிட்டே இதெல்லாம் பண்ணினவரு.

அப்புறம் பனில ஓடறவங்கள்ல எத்தன பேரு சக்கரத்துல இருந்து வந்தவங்கன்னு பாருங்க. எரின் ஜாக்சன், அமெரிக்கா ஃப்ளோரிடாக்காரி, பனியே விழாத ஊரு, இன்லைன்ல வளந்தவ, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 500 மீட்டர் தங்கம். பெல்ஜியம் பார்ட் ஸ்விங்ஸ், இன்லைன் உலக சாம்பியன், அதே பெய்ஜிங்ல மாஸ் ஸ்டார்ட் (எல்லாரும் ஒண்ணா கிளம்பற ரேஸ்) தங்கம். கொலம்பியாவ எடுத்துக்கோங்க, பணக்கார நாடு இல்ல, ஆனா உலக ஸ்பீடு ஸ்கேட்டிங்ல அவங்கதான் ராஜா. ஊருக்கு ஊரு ரேஸ் டிராக் கட்டி வச்சிருக்காங்க, வாண்டுங்க கூட்டம் கூட்டமா பழகுது. ஆனந்த்குமார் முதல்ல உலக மெடல் வாங்கினதே கொலம்பியா மண்லதான், 2021 இபாகே, ஜூனியர் 15 கிலோமீட்டர் எலிமினேஷன், வெள்ளி.

பையன் அத்லெடிக்ஸ் போனாலும் சந்தோஷம்தான் சார், ஆனா சக்கரம் கட்டின கால் கேக்காது.

காரைவேலை

சிவில்காரன். யாரும் ரிங்க் தரையப் பத்தி பேசல, அதான் உள்ள வந்தேன்.

பூட்டிக் கிடந்த சிமெண்ட் தரைன்னா கண்டிப்பா வெடிப்பு இருக்கும். ஓட்டற திசைக்கு குறுக்க இருக்கிற வெடிப்ப சக்கரம் தாண்டிரும், டக்குன்னு ஒரு சத்தம் வரும் அவ்வளவுதான். ஓட்டற திசைலயே நீளமா ஓடற வெடிப்பு இருக்கு பாருங்க அதான் எமன், இன்லைன் சக்கரம் அதுக்குள்ள இறங்கி தண்டவாளம் மாதிரி பிடிச்சுக்கும். ஒரு நாள் சாக்பீஸ் எடுத்துட்டுப் போயி அந்த மாதிரி வெடிப்ப மட்டும் முதல்ல குறிங்க. மேலாப்ல சிமெண்ட் பால் பூசினா ஒரு மாசத்துல பேந்து வரும். கட்டர் போட்டு வெடிப்ப கொஞ்சம் அகலமாக்கி, தூசி ஊதி, பாலிமர் கலந்த கலவையோ எபாக்ஸியோ நிரப்பி, பட்டக்கல்லால தேச்சு மட்டமாக்கணும். ரெண்டு நாள் வேலை. தயவுசெஞ்சு "வழவழன்னு இருக்கட்டும்"னு ரெட் ஆக்சைடு தரையோ டைல்ஸோ போட்றாதீங்க, காலைப் பனில அது எண்ணெய் ஊத்தின மாதிரி.

அப்புறம் மரம் இருக்கா பக்கத்துல?

சக்கரக்காலன்

வேப்பமரம். ரெண்டு.

காரைவேலை

அப்ப விளக்குமாறுதான் உங்க முதல் உபகரணம். ஒரு வேப்பங்கொட்டை போதும் சக்கரத்த நிறுத்த, சக்கரம் நிக்கும், பையன் நிக்க மாட்டான்.

பழைய குவாட்

நாங்க பெருக்கினதுக்கு அப்புறம்தான் ஷூ கட்ட விடுவாரு மாஸ்டர். லேட்டா வந்தவன் பெருக்கணும். அதுக்கு பயந்தே அஞ்சு மணிக்கு வருவோம்.

கோச்சக்கா

திரும்பவும் நானே. யாழினி அம்மா சொன்னத நூறு தடவ படி தம்பி. எங்க கிளாஸ்லயும் ரெண்டு தடவ அந்த சாதனைக்கு அனுப்பினேன், பெத்தவங்க கேட்டாங்கன்னு. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

ரேஸ் விஷயம். உனக்கு ரேஸ் டீம் வேணும், புரியுது. ஆனா மெடல் ஆசை காட்டி இழுத்த பிள்ளை, முதல் மீட்ல ஹீட்ஸ்லயே (முதல் சுத்துலயே) போச்சுன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரும். முதல்ல ஊருக்குள்ளயே ரேஸ் பழகட்டும். மாசக் கடைசி ஞாயிறு ஒரு ரேஸ் வை, கோப்பை வேண்டாம், பொரிகடலை போதும். ஒவ்வொரு பிள்ளையா தனியா ஒரு ரவுண்டு, செல்போன்ல டைம் எடு, சுவத்துல கரில எழுது. போன மாசம் 41 செகண்டு, இந்த மாசம் 36. அந்தப் பிள்ளை அவங்க பாட்டிய கூட்டிட்டு வந்து சுவத்தக் காட்டும், நான் பாத்திருக்கேன்.

எலிமினேஷன் ரேஸ் தெரியும்ல, கடைசியா வர்றவங்க ஒவ்வொருத்தரா வெளில போகணும். பெரியவங்களுக்கு அருமையான ரேஸ். ஆனா சின்னதுங்களுக்கு அப்படியே வைக்காத. யாருக்கு ஓட்டற பழக்கம் அதிகம் வேணுமோ அவன முதல் ரவுண்டுலயே வெளில உக்கார வைக்கிற, பத்து நிமிஷம் மத்தவன் ஓட்டறதப் பாத்து அழறான். நான் மாத்தி வைப்பேன். முதல்ல வர்றவன் வெளில வந்து விசில் பிடிக்கணும், அடுத்த ரவுண்டுக்கு அவன்தான் ஊதணும். விசிலுக்காக பறப்பானுங்க. மெதுவா ஓட்டறவன் அதிக ரவுண்டு ஓட்டுவான், அது அவனுக்கே தெரியாது.

ரிலே வை. ரிலேல கம்பு குடுக்கறது இல்ல, பின்னாடி வர்றவன் முன்னாடி இருக்கிறவன் இடுப்புல கைய வச்சு தள்ளி விடணும். அந்தத் தள்ளு இருக்கே, சின்னதுங்களுக்கு அதான் உலகத்துலயே பெரிய சந்தோஷம். நல்லா ஓட்டற ஒண்ணு, தத்தித் தத்தி வர்ற ஒண்ணுன்னு சேத்துப் போடு, பெரிய பொண்ணு சின்னப் பையனத் தள்ளட்டும். ஹாங்சோல நமக்கு வந்த ரெண்டு வெண்கலமும் ரிலேலதான் வந்துச்சு, அதையும் சொல்லு.

ஷூவுக்கு காசு கேட்டு பெத்தவங்கள முதல் நாளே பயமுறுத்தாத. பழைய ஆளுங்க பத்துப் பேர் குரூப்ல கத்தினாங்கன்னு சொன்னியே, ஆளுக்கு ஒரு செட் வாங்கிப் போடச் சொல்லு, கிளப் ஷூ. ரெண்டு மாசம் அதுல ஓட்டட்டும், அப்புறமும் வந்தா வீட்டுல தன்னால வாங்கித் தருவாங்க. அந்த ஷூ அடுத்த பிள்ளைக்கு. போறதுக்கு முன்னாடி உள்ள வேப்பிலை போட்டு வெயில்ல வை, நாத்தம் தாங்காது.

மாவட்ட சங்கத்துல பேசி பதிவு என்ன, வயசுப் பிரிவு என்னன்னு இப்பவே கேட்டு வச்சுக்க, கடைசி வாரத்துல பர்த் சர்ட்டிஃபிகேட் தேடி அலையாத.

எதார்த்தவாதி

சரி ஒரு செட் என் கணக்குல போடுங்க. வாதத்துக்குக் கேட்டேன், பிள்ளைங்க மேல கோவம் இல்ல.

சக்கரக்காலன்

ஏழு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க, ஞாயிறு ஆனா நேரமே இல்ல.

குரூப்ல கத்தின பத்து பேர்ல நாலு பேர் ஷூ வாங்கிக் குடுத்தாங்க, எதார்த்தவாதி சாரோடது அஞ்சு, ஒருத்தன் பழைய குவாட் ரெண்டு ஜோடி அனுப்பினான், சக்கரம் இறுகிப் போச்சு, பேரிங்க மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு எடுத்தேன், இப்ப ஓடுது. பழைய குவாட் அண்ணே உங்க கட்சிக்கு ரெண்டு சீட்டு. நீளவாக்கு வெடிப்பு மூணு இருந்துச்சு, கொத்தனார் கூலி நான் குடுத்தேன், எபாக்ஸி காரைவேலை சார் அனுப்பி வச்சாரு, முகம் கூட பாத்தது இல்ல.

இந்தத் தடவ பிரேயர்ல பேசல, பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு வாசல்ல நின்னேன், அம்மாக்கள்கிட்ட தாழ்ப்பாள் போட்டாச்சுன்னுதான் முதல்ல சொன்னேன். சிரிச்சாங்க, ஆனா கேட்டாங்க. 17 பேர் வந்தாங்க, ரெண்டு வாரம் ஜமுக்காளத்துல விழுந்துகிட்டே இருந்தோம், நானும் விழுந்தேன், இடுப்பு இன்னும் வலிக்குது. ஏழாவது வாரம் 15 பேர் இருக்காங்க. அதுல ஒன்பது பொண்ணுங்க, இது எங்க ரிங்க் வரலாத்துலயே கிடையாது. விசில் ஒண்ணு தொலஞ்சு போச்சு, ரெண்டாவது வாங்கியிருக்கேன்.

மணிக்கட்டுப் பையன் வந்துட்டான். அப்பாவும் வந்தாரு. ஒண்ணும் பேசல, பெஞ்சுல உக்காந்து பையனோட கார்டு பட்டையை மூணு தடவ இழுத்துப் பாத்தாரு, அப்புறம் எந்திரிச்சு விளக்குமாற எடுத்து வேப்பமரத்துப் பக்கம் பெருக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்ப ஞாயித்துக்கிழமை பெருக்கறது அவருதான், நான் வாங்கினா குடுக்க மாட்டேங்கறாரு.

டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்கு பத்துப் பேரு தேறாது, நாலு பேர அனுப்பலாம்னு கோச்சக்கா சொன்னாங்க, அதுவும் அட்ஜஸ்டபிள் (அளவு கூட்டிக் குறைக்கிற ஷூ) பிரிவுல. சரின்னுட்டேன்.

அவசரமா ஒண்ணு தேவை. 33, 34 சைஸ் ஷூ யார்கிட்டயாவது சும்மா கிடந்தா சொல்லுங்க, அந்த சைஸ்ல அஞ்சு பிள்ளைங்க, ரெண்டு ஜோடிதான் இருக்கு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஓட்டறாங்க. கொரியர் காசு நான் குடுத்துடறேன்.

யாழினி அம்மா

34 இருக்கு. பொண்ணுகிட்ட கேட்டேன், குடுக்கலாமான்னு. ஒரு நாள் யோசிச்சா. இடது காலு பக்கிள் கொஞ்சம் லூசு, மாத்திட்டு அனுப்பறேன். அப்புறம், உங்க ரிங்க் பேருந்து நிலையத்துல இருந்து எவ்வளவு தூரம்னு அவ கேக்கறா.